குரோம்பேட்டை ஃபிளாட்டை விற்றாச்சு, தையில் கிரயம், வாங்க வீடு அமையவில்லை

குரோம்பேட்டை920 கேட்டது

வணக்கம். குரோம்பேட்டையில் 920 சதுர அடி, இரண்டு பெட்ரூம் ஃபிளாட். 2006 மே மாதம் பத்திரச் செலவோடு 21 லட்சத்துக்கு வாங்கியது. லோன் எப்போதோ முடிந்துவிட்டது, பத்திரம் கையில் இருக்கிறது. நவம்பர் 25 அன்று 68 லட்சத்துக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு ரிஜிஸ்டரும் செய்தாயிற்று. அட்வான்ஸ் 10 லட்சம், கெடு 60 நாள். மார்கழி வேண்டாம், தை பிறந்ததும் கிரயம் என்று பேச்சு. நாங்கள் பின்வாங்கினால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு.

இதுவரை 22 வீடு பார்த்தாகிவிட்டது. பட்ஜெட் 83 லட்சம் (விற்ற பணம் 68, லோன் 15). அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் லிஃப்ட் அல்லது தரைத்தளம் கட்டாயம். மகள் பத்தாம் வகுப்பு, பள்ளி குரோம்பேட்டையிலேயே. பிடித்த வீடுகளில் ஒன்றை எங்களுக்கு முன் வேறொருவர் டோக்கன் கொடுத்து முடித்துவிட்டார். இன்னொன்றின் மூலப்பத்திரம் பேங்கில் இருக்கிறது.

கெடுவுக்கு இன்னும் 35 நாள்தான். உடனே வேறு வீடு வாங்காவிட்டால் 6 லட்சம் வரி போய்விடும் என்று புரோக்கர் சொல்கிறார். அதனால் அவ்வளவாகப் பிடிக்காத ஒரு வீட்டுக்கு டோக்கன் கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம். விற்ற வீட்டிலேயே கொஞ்ச நாள் இருக்க வழி உண்டா? வரிக்கு உண்மையில் எவ்வளவு அவகாசம்?

கணக்குமேசை பதில்

பிடிக்காத வீட்டுக்கு டோக்கன் கொடுக்காதீர்கள். வரிக்குப் பயந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை.

6 லட்சம் எப்படி வந்தது? 68-இல் 21 போனால் லாபம் 47 லட்சம். அதில் 12.5% என்றால் 5.87 லட்சம், செஸ் (வரியின் மேல் கூடுதலாகப் போடும் வரி) சேர்த்து 6.11 லட்சம். புரோக்கர் இதோடு நிறுத்திவிட்டார். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் விற்றால், பணவீக்கக் குறியீட்டோடு 20% என்ற பழைய முறையிலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2006-07-க்குக் குறியீடு 122, 2025-26-க்கு 376. 21 லட்சத்தை 376-ஆல் பெருக்கி 122-ஆல் வகுத்தால் 64.72 லட்சம். லாபம் 3.28 லட்சமாகச் சுருங்கிவிடும். அதில் 20%, செஸ்ஸோடு ஏறக்குறைய 68,200 ரூபாய்.

விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால், வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்தில் 1% டிடிஎஸ் (உங்கள் வரிக்காக முன்கூட்டியே அரசுக்குக் கட்டும் தொகை) பிடித்துத்தான் தருவார். 68 லட்சத்துக்கு அது 68,000. அதாவது ஒரு வீடும் வாங்காமல் போனாலும் கட்ட வேண்டிய வரி கிட்டத்தட்ட முழுவதும் அப்போதே கட்டியாகிவிடும். அவர் 26QB படிவத்தில் அதைக் கட்டிய ரசீதையும், பிடித்ததற்கான 16B சான்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். பான் எண் ஓர் எழுத்து தப்பினாலும் அந்தப் பணம் உங்கள் கணக்கில் ஏறாது, திருத்த அலைய வேண்டிவரும்.

வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கு தனி. ஆடிட்டர்கள் 54 என்று சொல்லும் பிரிவு அது. கிரயத் தேதியிலிருந்து 2 வருஷத்துக்குள் கட்டிய வீடு வாங்கலாம், 3 வருஷத்துக்குள் புதிதாகக் கட்டலாம். நீங்கள் 2026 ஜனவரியில் கிரயம் கொடுத்தால் 2028 ஜனவரி வரை நேரம். இடையில் ஒரு தேதியை மட்டும் மறக்கக் கூடாது. ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் (உங்களுக்கு 2026 ஜூலை 31) புது வீட்டுக்குச் செலவாகாத லாபத் தொகையை பேங்கில் கேபிடல் கெயின்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட வேண்டும். சாதாரண எஃப்டி இதற்குச் செல்லாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். போட வேண்டியது லாபத் தொகை மட்டும், 68 லட்சமும் அல்ல.

அந்த அக்கவுன்ட்டில் ஏ வகை சேமிப்புக் கணக்கு போல, பி வகை டெபாசிட் போல. வீடு எப்போது அமையும் என்று தெரியாதவர்கள் ஏ வகையில் கொஞ்சமாவது வைத்திருப்பது நல்லது. எடுத்த பணத்தை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவழிக்க வேண்டும், மிச்சத்தைத் திரும்பப் போட வேண்டும். கணக்கை மூட வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். உங்கள் விஷயத்தில் 68,000 ரூபாய் வரிக்காகப் பணத்தை இப்படி முடக்குவதா என்று யோசிக்கத்தான் வேண்டும். ஜூலை 31-க்குள் வீடு அமைந்தால் 54-இல் விலக்கு கேட்டு டிடிஎஸ்ஸைத் திரும்பப் பெறுங்கள். அமையாவிட்டால் வரியை ஏற்றுக்கொண்டு நிதானமாகத் தேடுவதுதான் என் யோசனை.

மூலப்பத்திரம் பதில்

வரி பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஒப்பந்தம், குடியிருப்பு இரண்டுக்கும் வருகிறேன்.

ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கும் எண்ணமே வேண்டாம். அட்வான்ஸை இரட்டிப்பாகக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். வாங்குபவர் பணம் வேண்டாம், வீடுதான் வேண்டும் என்று ஏற்றதை ஆற்றும் வழக்கு (ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கு) போடலாம். ஒப்பந்தம் ரிஜிஸ்டர் ஆனதால் ஈசியிலும் (வில்லங்கச் சான்றிலும்) அது நிற்கும், வேறு யாரும் வீட்டைத் தொட மாட்டார்கள்.

கெடுவை நீட்டுவதை விட, கிரயத்தைச் சொன்ன தேதியில் கொடுத்துவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது இருவருக்கும் நல்லது. உங்களுக்கு முழுப் பணமும் கையில் வரும், அந்தப் பலத்தோடு வீடு தேடலாம். அவருக்குப் பத்திரம் கிடைத்துவிடும். மகளின் தேர்வு முடியும் வரை, அதாவது ஏப்ரல் கடைசி வரை என்று கேளுங்கள். தேதியோடு கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். "வீடு கிடைத்ததும் காலி செய்கிறோம்" என்றால் யாருக்கும் பயம் வரும்.

செய்யும் முறையில் கவனம் வேண்டும். கிரயப் பத்திரத்தில் சுவாதீனம் ஒப்படைத்ததாகத்தான் எழுதுவார்கள். அதிலேயே "மூன்று மாதம் கழித்துக் காலி செய்வார்" என்று நுழைக்கப் பார்க்காதீர்கள், வாங்குபவருக்கு லோன் கொடுக்கும் பேங்கின் வக்கீல் திருப்பி அனுப்புவார். அன்றைய தேதியில் தனியாக ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் காலி, தவறினால் நாளொன்றுக்கு எவ்வளவு, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, கரண்ட் பில் யார் பெயரில் என எல்லாம் அதில் வரட்டும். நீங்கள் காலி செய்யாமல் இருந்துவிடுவீர்களோ என்று அவர் தயங்கினால், கிரயத் தொகையில் 2 லட்சத்தை நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள். பத்திரத்தில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக எழுதிவிட்டு பாக்கி வைத்தால் பின்னால் சண்டைக்கு அதுவே வழி. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அதே 2 லட்சத்தை வாடகை அட்வான்ஸாக பேங்க் மூலம் திருப்பி அனுப்புங்கள். காலி செய்த அன்று, சாவி கைமாறும்போது அது உங்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூலப்பத்திரம் பேங்கில் இருக்கும் அந்த வீட்டை ஏன் விட்டீர்கள்? லோன் ஓடும் வீட்டை வாங்குவது ஒன்றும் ஆகாத காரியம் இல்லை. விற்பவரின் பேங்கில் இரண்டு காகிதம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டினால் லோன் முடியும் என்ற கடிதம், அவர்களிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியல். நீங்கள் கொடுக்கும் தொகையில் அந்தப் பாக்கியை நேராக அவருடைய லோன் கணக்குக்கே கட்டுங்கள், அவர் கையில் கொடுக்க வேண்டாம். லோன் முடிந்த 30 நாளுக்குள் அசலைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் பேங்க் விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அடமானம் பதிவாகியிருந்தால் அதை நீக்கும் ரசீது ஆவணமும் பதிவாகி, ஈசியில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே உங்கள் கிரயம். லோன் இருக்கும் வீட்டை மற்றவர்கள் தயங்கி விடுவதால் விலையும் கொஞ்சம் படியும்.

ஈசி 30 வருஷத்துக்காவது போடுங்கள். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணுக்கும் ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் பாதி வரலாறு வராது. விற்பவர் வேறொருவரோடு போட்டு ரத்து செய்யாமல் விட்ட கிரய ஒப்பந்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ரத்துப் பத்திரம் பதிவாகும் வரை டோக்கன் கூடக் கொடுக்காதீர்கள்.

செம்பாக்கம் வாசி பதில்

22 வீடு பார்த்தும் அமையாததற்கு பட்ஜெட்டும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. 83 லட்சம் கையில் இருந்தால் 83 லட்சத்து வீட்டைப் பார்க்க முடியாது. பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9%. லோன் கணக்கிடும்போது பேங்க் இதைச் சேர்த்துக்கொள்ளாது, கைப்பணம்தான். 74 லட்சத்து வீட்டுக்கு இதுவே 6.66 லட்சம். புரோக்கருக்கு 1% என்றால் 74,000. பெயின்ட், ஷிஃப்டிங், அம்மாவுக்கு பாத்ரூமில் கைப்பிடி என ஒரு லட்சம். மொத்தம் 82.4 ஆகிவிடும். ஆக நீங்கள் தேட வேண்டிய விலை 74 வரைதான். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்குத் தீர்வை குறைவு, நிறைவுச் சான்று வாங்கிய கட்டடமாக இருந்தால் ஜிஎஸ்டியும் இல்லை. அதையும் பட்டியலில் சேருங்கள்.

லோன் சாங்ஷன் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள். வேறொருவர் டோக்கன் கொடுத்து முந்தியது அதனால்தான் இருக்கும். விற்பவருக்குப் பணம் எப்போது வரும் என்பதுதான் முக்கியம்.

மார்கழியில் யாரும் வீடு முடிக்க மாட்டார்கள், விற்க நினைப்பவர்களும் தைக்குக் காத்திருப்பார்கள். பார்த்து வைக்க நல்ல மாதம் இதுதான். ஆன்லைன் விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். பிடித்த தெருவில் இஸ்திரி போடுபவரிடமும் வாட்ச்மேனிடமும் கேளுங்கள். எந்த வீட்டில் பிள்ளை வெளிநாடு போய்விட்டான், எந்த வீடு ஆறு மாதமாகப் பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீர் நின்ற இடமா என்று கட்டாயம் பாருங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015-லும் 2023 டிசம்பரிலும் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஏரிக்குக் கீழே இருக்கும் எந்தத் தெருவையும் சோதிக்க வேண்டும். இங்கே செம்பாக்கம் ஏரி நிறைந்தால் உபரி நீர் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கே போகிறது, நடுவில் எல்லாம் வீடுதான். வீட்டுக்காரரிடம் கேட்டால் "எங்கள் தெருவில் நின்றதே இல்லை" என்பார். கார் பார்க்கிங்குக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை, அதற்குக் கீழே மட்டும் புதுப் பெயின்ட், மோட்டாரையும் மீட்டர் போர்டையும் செங்கல் வைத்துத் தூக்கியிருப்பது, சம்ப் மூடியைச் சுற்றி அரை அடி உயர்த்திக் கட்டியிருப்பது, இவை தண்ணீர் வந்ததைச் சொல்லிவிடும். உங்களுக்கு லிஃப்ட் முக்கியம் என்பதால் லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கியதா, எத்தனை நாள் ஓடாமல் நின்றது என்று அசோசியேஷனில் கேளுங்கள். அம்மாவுக்குத் தரைத்தளத்தை விட லிஃப்ட்டோடு முதல் மாடி நல்லது என்பேன். லிஃப்ட் நின்றாலும் ஒரு மாடிதானே, மெதுவாக ஏறிவிடலாம்.

குரோம்பேட்டை920

எல்லாருக்கும் மிக்க நன்றி. டோக்கன் கொடுக்கவில்லை. ஏப்ரல் 30 வரை வாடகைக்கு இருக்க வாங்குபவர் சம்மதித்துவிட்டார். ஒரு சந்தேகம். 2006-இல் 21 லட்சத்துக்கு ஒரே பத்திரம் இல்லை. யுடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) பத்திரம் 6 லட்சத்துக்கு, கட்டுமான ஒப்பந்தம் 13 லட்சத்துக்கு, மீதி பத்திரச் செலவு. பில்டர் ரசீது 11 லட்சத்துக்குத்தான் இருக்கிறது. கணக்கு மாறுமா?

கணக்குமேசை

மாறும், நல்லவேளை இப்போதே கேட்டீர்கள். அந்தக் காலத்துச் சென்னை ஃபிளாட் எல்லாம் இப்படித்தான், மனைக்குப் பத்திரம், கட்டடத்துக்கு வெறும் ஒப்பந்தம். 2 லட்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் 19 லட்சம் மட்டும் காட்டினால் குறியீட்டுக்குப் பின் 58.56 லட்சம், லாபம் 9.44 லட்சம், செஸ்ஸோடு வரி 1.96 லட்சம். ரசீது காணாமல் போனதற்கு 1.28 லட்சம் கூடுதல்.

அன்று லோன் கொடுத்த பேங்குக்குப் போய் லோன் வழங்கிய விவரப் பட்டியல் கேளுங்கள். தவணை தவணையாக பில்டர் பெயருக்கே செக் போயிருக்கும், அது ரசீதுக்குச் சமமான ஆதாரம். உங்கள் பங்காக நீங்கள் கொடுத்த செக்குகளுக்கு அந்த வருஷ பாஸ்புக் போதும். 2007 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த தவணை இருந்தால் அதற்குக் குறியீடு 122 அல்ல, 129. அதைத் தனியாகப் பிரித்து எழுதி ஆடிட்டரிடம் கொடுங்கள். மொத்தத் தொகை 1.96 லட்சம் பக்கம் வந்தால், டிடிஎஸ் போக மிச்சத்தை மார்ச் 15-க்குள் அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்டிவிடுங்கள். ஜூலைக்குள் வீடு அமைந்தால் ரீஃபண்டாக வந்துவிடும்.