பழைய ஃபிலிம் கேமரா: ட்ரிப் 35, எக்ஸ்ஏ2, மியூ ஜூம் 140. எதை எடுக்கலாம்? (நாளைக்குள்ள சொல்லணும்)

புதுரோல் · இரவு 9:40
வணக்கம். சின்னதா, கையோட எடுத்துட்டுப் போற மாதிரி ஃபிலிம் கேமரா ஒன்னு வாங்கணும். தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட மூணு இருக்கு: ஒலிம்பஸ் ட்ரிப் 35, எக்ஸ்ஏ2, மியூ ஜூம் 140. மூணுமே நல்ல நிலையில இருக்காம். எதை எடுக்கலாம்? நாளைக்கு மதியம் அவருக்குப் பதில் சொல்லணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பச்சைவிளக்கு · 9:52
விலை என்ன? "நல்ல நிலை"ன்னா ரோல் போட்டு எடுத்துப் பார்த்திருக்காரா, இல்ல ஷட்டர் சத்தம் கேக்குதுங்கிறாரா? நேர்ல போய்ப் பார்க்க முடியுமா, கூரியரா? நீங்க எடுக்கப் போறது பகல்லயா, ராத்திரியிலயா? இதெல்லாம் சொன்னாதான் ஏதாவது சொல்ல முடியும்.

சில்வர்ஹாலைடு · 9:58
யோசிக்கவே வேண்டாம், ட்ரிப் 35. 1967ல வந்து 1984 வரைக்கும் தயாரிச்ச கேமரா. பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுத்தி புள்ளி புள்ளியா தெரியற கண்ணாடிக்குப் பின்னால செலினியம் செல் இருக்கு, வெளிச்சம் பட்டா அதுவே மின்சாரம் கொடுத்து மீட்டர் முள்ளை நகர்த்தும். 40 மிமீ எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் சின்னதா இருந்தா துளை பெருசு, வெளிச்சம் அதிகம் வரும்). ஷட்டர் வேகம் ரெண்டே ரெண்டு, 1/40, 1/200 நொடி. 400 ரோல் (ஐஎஸ்ஓ 400; ஐஎஸ்ஓ எண் கூடினா குறைஞ்ச வெளிச்சமே போதும்) போட்டு உச்சி வெயில்ல நின்னாலும் 1/200, எஃப் 22ல கணக்கு சரியா அமைஞ்சிடும்.

பரிசோதனை சுலபம். லென்ஸ் வளையத்தை "ஏ"ல (ஆட்டோ) வைங்க. லென்ஸையும் செல்லையும் உள்ளங்கையால முழுசா மூடி பட்டனை அழுத்துங்க. வியூஃபைண்டர்ல (கண் வைச்சுப் பார்க்கிற ஜன்னல்) வெளிச்சம் போதாதுன்னு சொல்ற சிவப்புக் கொடி எழுந்து, ஷட்டர் அடிக்காம நிக்கணும். அடுத்து வெளிச்சத்துல அழுத்துங்க, கொடி வராம அடிக்கணும். வெயில்லயும் கொடி எழுந்தா செல் போயிடுச்சு, வைச்சுட்டு வந்துடுங்க. இருட்டுல கொடியே வராட்டி மீட்டர் முள் எங்கயோ சிக்கியிருக்கு. கடைசியா பின்கதவைத் திறந்து, லென்ஸை வெயில் பக்கம் திருப்பி, பின்னால இருந்து பார்த்துக்கிட்டே அழுத்துங்க: துளை சின்னதா தெரியணும். நிழல்ல பெருசாகணும். ரெண்டு இடத்துலயும் ஒரே அளவுன்னா துளைத் தகடுல எண்ணெய் கசிஞ்சு ஒட்டியிருக்கு.

கண்ணாடிக்கடை · 10:05
மூணையும் விடுங்க. யாஷிகா எம்எஃப்-2 தேடுங்க. நம்ம ஊர்ல ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு இருந்தது, இன்னும் அலமாரியில தூங்குது. மிகக் குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும். 2 பென்சில் செல் போதும். மிச்சப் பணத்துக்கு ரோல் வாங்குங்க. ரோல், கழுவுற கூலி, ஸ்கேன் மூணும் சேர்ந்தா கேமரா விலையைச் சீக்கிரமே தாண்டிடும். ஆரம்பிக்கிறவங்க இதைக் கணக்குல எடுக்கிறதே இல்ல.

பச்சைவிளக்கு · 10:11
ரோல் செலவு பத்திச் சொன்னது சரி. ஆனா எம்எஃப்-2ல ஃபோகஸ் நிலையானது. ஒன்றரை மீட்டருக்குள்ள வந்தா முகம் மங்கும். அதைச் சொல்லாம சிபாரிசு பண்ணாதீங்க.

புதுரோல் · 10:30
ஸாரி. ட்ரிப் 6,500, எக்ஸ்ஏ2 8,000, மியூ 7,000. நேர்ல பார்க்கலாம், பாண்டிச்சேரிதான். ரோல் போட்டுப் பார்த்தாரான்னு தெரியல. எடுக்கப் போறது பெரும்பாலும் வீட்டுக்குள்ள, பாப்பாவை (ஒன்றரை வயசு). அப்பப்ப சாயங்காலம் பீச்.

நெகட்டிவ்_வாத்தியார் · 10:48
தம்பி, இதை முதல் வரியில எழுதியிருந்தா மேல இருக்கிற பாதி பதில் தேவைப்பட்டிருக்காது. கேமரா பேரைச் சொல்லி "எது நல்லது"ன்னு கேக்கிறது கேள்வியே இல்ல. வெளிச்சம் எவ்வளவுன்னு முதல்ல கணக்குப் போடக் கத்துக்கோங்க.

வீட்ல டியூப்லைட் வெளிச்சம் தோராயமா ஈவி 5, ஐஎஸ்ஓ 100 கணக்குல (ஈவின்னா வெளிச்சத்தோட அளவு எண், 1 கூடினா வெளிச்சம் ரெண்டு மடங்கு). 400 ரோல் போட்டா ஈவி 7. ட்ரிப் 35க்கு முழுசா திறந்து எஃப் 2.8, 1/40ல வேலை நடக்க ஈவி 8க்கு மேல வேணும். அதாவது ராத்திரி உங்க வீட்டுக்குள்ள சிவப்புக் கொடிதான் பார்ப்பீங்க. எக்ஸ்ஏ2 ஷட்டர் 2 நொடி வரைக்கும் திறக்கும், அதனால அடிக்கும். ஆனா எஃப் 3.5ல 1/10 நொடி ஆகும். ஒன்றரை வயசுக் குழந்தை 1/10 நொடி அசையாம இருக்காது. படம் கலங்கும். ஆக, ஃபிளாஷ் இல்லாம இந்த மூணுல எதுவும் உதவாது.

எக்ஸ்ஏ2 கூட ஏ11 ஃபிளாஷ் வருதான்னு கேளுங்க. பக்கவாட்டுல திருகி மாட்டுறது, 1 பென்சில் செல். அது இல்லாம 8,000 அதிகம்.

சில்வர்ஹாலைடு · 10:55
ஜன்னல் பக்கத்துல பகல்ல எடுத்தா ட்ரிப் தாராளமா போதும். ராத்திரியிலதான் எடுக்கணும்னு அவர் சொல்லலையே. ட்ரிப் மேலயும் ஃபிளாஷ் ஷூ இருக்கு.

பச்சைவிளக்கு · 11:07
நான் சேர்க்கிறது வேற கோணம். ஓடுற குழந்தைன்னா ஃபோகஸ்தான் முதல் சிக்கல். ட்ரிப்ல 4 சின்னம், 1 மீ, 1.5 மீ, 3 மீ, மலை (ரொம்ப தூரம்). நாமதான் தூரத்தை மதிச்சு வைக்கணும். எக்ஸ்ஏ2ல 3 நிலை. முன்னால நகர்ற மூடியை மூடினதும் தானா நடு நிலைக்குத் திரும்பிடும். வெளியில அது வசதி. கிட்டத்துல முகம் எடுக்கிறவர் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மறக்காம முக நிலைக்கு மாத்தணும். மியூ ஜூம் ஆட்டோஃபோகஸ், ஃபிளாஷ் உள்ளேயே இருக்கு. ஜூமை 38 மிமீல வைச்சு, ஃபிளாஷோட எடுத்தா, இந்த வேலைக்கு மூணுல அதுதான் சுலபம்.

ஆனா ஜூமைத் தொடாதீங்க. 38ல எஃப் 4 இருக்கிற லென்ஸ் 140ல எஃப் 11. 3 ஸ்டாப் போச்சு (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி). வெளிச்சம் எட்டுல ஒரு பங்குதான் உள்ளே வரும்.

நெகட்டிவ்_வாத்தியார் · 11:15
மியூ ஜூம் செத்தா குப்பைதான். லென்ஸ் ஒவ்வொரு தடவை நீளும்போதும் உள்ளே இருக்கிற ரிப்பன் கேபிள் மடங்குது. அது அறுந்தா மாத்த ஆள் கிடையாது, உதிரியும் கிடையாது. உள்ளே ஃபிளாஷ் கெபாசிட்டர்ல ஏறக்குறைய 300 வோல்ட் நிக்கும், வீட்ல திறக்கவும் கூடாது. 7,000 அதுக்கு அதிகம். பாதி விலைக்கு வந்தா மட்டும் யோசிங்க.

பச்சைவிளக்கு · 11:21
அதை ஒத்துக்கிறேன். விலை இறங்கினா, போகும்போது புது சிஆர்123ஏ பேட்டரி ஒன்னும், வீணான ரோல் ஒன்னும் எடுத்துட்டுப் போங்க. ரோலைப் போட்டு மூடினதும் தானா சுத்தி 1 காட்டணும். ஜூமை முழுசா நீட்டி மடக்குங்க, தயங்கக் கூடாது. ஃபிளாஷ் அடிக்கவிட்டு அடுத்த சார்ஜுக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு பாருங்க. பாதி ரோல்ல ரீவைண்ட் பட்டனை அழுத்தி, முழுசா சுத்தி நிக்குதான்னும் பாருங்க. நடுவுல மோட்டார் முனகினா வேண்டாம்.

உப்புக்காற்று · 11:34
பாண்டிச்சேரின்னதும் இன்னொன்னு சொல்லணும். மூணுலயும் முதல்ல பூஞ்சையைப் பாருங்க. போன் டார்ச்சை லென்ஸ் முன்னால சாய்வா பிடிச்சு, பின்கதவு வழியா ஷட்டர் திறக்கும்போது பாருங்க. ட்ரிப்பை விட எக்ஸ்ஏ2ல இது சுலபம்: முன்னால இருக்கிற ஒளி உணரியை விரலால மூடினா ஷட்டர் சில நேரம் திறந்தே நிக்கும், நிதானமா பார்க்கலாம். (அதுவே மீட்டருக்கும் சோதனை, வெளிச்சத்துல காட்டினா டக்னு மூடணும்.) சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையா தெரிஞ்சா பூஞ்சை. தூசி ஒன்னு ரெண்டு இருந்தா பரவாயில்ல, படத்துல வராது. பூஞ்சை பிடிச்சதை வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க, மத்த லென்ஸுக்கும் தொத்திடும்.

நெகட்டிவ்_வாத்தியார் · 11:41
இந்தத் தொத்து வியாதிக் கதையை எத்தனை தடவைதான் மறுக்கிறது. பூஞ்சை வித்து காத்துல எப்பவும் இருக்கு, உங்க லென்ஸ் மேல இப்பவே இருக்கு. முளைக்கணும்னா ஈரம் வேணும், இருட்டு வேணும், காத்தோட்டம் இல்லாம இருக்கணும். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழ வைச்சா பக்கத்துப் பக்கத்துல வைச்சாலும் ஒன்னும் ஆகாது.

உப்புக்காற்று · 11:47
கடற்கரை ஊர்ல, ஐப்பசி கார்த்திகையில, 50 சதவீதம் யார் வீட்ல இருக்கு? டிரை கேபினட் (ஈரத்தைக் குறைச்சு வைக்கிற அலமாரி) இல்லாதவங்களுக்குப் பிரிச்சு வைக்கிறதுதான் செலவில்லாத வழி. வித்து எங்கும் இருக்குன்னாலும், முளைச்ச பூஞ்சை பக்கத்துல இருந்தா வித்து பல மடங்கு அதிகம்.

கண்ணாடிக்கடை · 11:53
அரிசி டப்பாவுல போட்டு வைங்க. ஈரத்தை இழுத்துடும்.

உப்புக்காற்று · 11:58
தயவுசெஞ்சு அரிசி வேண்டாம். அது இழுக்கிற ஈரம் ரொம்பக் குறைவு, மாவுத்தூள் மட்டும் கேமராக்குள்ள போகும், அந்த மாவே பூஞ்சைக்கு உணவு. இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பா, அதுல 100 கிராம் நிறம் மாறுற சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி ஒன்னு. நீலம் இளஞ்சிவப்பா மாறினா, இல்ல ஆரஞ்சு பச்சையா மாறினா, வெறும் வாணலியில சின்னத் தீயில வறுத்து ஆறவைச்சுத் திரும்பப் போடலாம். (நீல வகையில கோபால்ட் உப்பு இருக்கு, ஆரஞ்சே வாங்குங்க, சமையல் வாணலியைத் தொடாதீங்க.) இன்னொன்னு, கேமராவோட தோல் உறை கொடுத்தா அதுல வைக்காதீங்க. தோல் ஈரத்தைப் பிடிச்சு வைச்சுக்கும். அழகா இருக்குன்னு அதுக்குள்ளயே பூட்டி வைச்ச கேமராவுலதான் பூஞ்சை அதிகம்.

நெகட்டிவ்_வாத்தியார் · காலை 6:20
தோல் உறை விஷயம் சரி. தொத்து விஷயத்துல நான் சொன்னதுல மாற்றம் இல்ல.

பச்சைவிளக்கு · 6:45
கேட்டவர் கேமரா வாங்கப் போறார், இழையை அவருக்கே விடுவோம். எக்ஸ்ஏ2 பார்க்கிறதா இருந்தா இதையும் சேர்த்துக்கோங்க. 2 எல்ஆர்44 பட்டன் செல் எடுத்துட்டுப் போங்க, அல்லது எஸ்ஆர்44; சில்வர் ஆக்சைடு கடைசி வரைக்கும் ஒரே வோல்ட்டேஜ் கொடுக்கும், மீட்டர் தள்ளாடாது. பேட்டரி மூடியைத் திறந்ததும் பச்சை, வெள்ளைப் பொடி இருக்கான்னு பாருங்க. கொஞ்சமா இருந்தா பஞ்சுக்குச்சியில வினிகர் தொட்டு, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சா போயிடும். தகடே அரிச்சிருந்தா விடுங்க. அடியில இருக்கிற லீவரை செக் பக்கம் தள்ளினா பீப் சத்தம் வரணும். சிவப்பு ஷட்டர் பட்டன் லேசாத் தொட்டதுமே அடிக்கணும். பலமா ரெண்டு மூணு தடவை அழுத்தித்தான் அடிக்குதுன்னா உள்ளே தொடுமுனை அழுக்கு. அதைச் சொல்லி விலை குறைங்க.

அப்புறம் பின்கதவு ஃபோம் (வெளிச்சம் உள்ளே நுழையாம அடைக்கிற பஞ்சு). பல்குச்சியால தொடுங்க. தார் மாதிரி ஒட்டினா மாத்தியே ஆகணும், இல்லன்னா படத்துல ஆரஞ்சு சிவப்புக் கோடு வரும் (வெளிச்சம் ஃபிலிமோட பின்பக்க வழியா நுழையறதால அந்த நிறம்). ஃபோம் கெட்டதுக்காகக் கேமராவை வேண்டாம்னு சொல்லாதீங்க. மரக்குச்சியால சுரண்டி, ஆல்கஹால்ல துடைச்சு, 1.5 அல்லது 2 மிமீ கறுப்பு ஃபோம் வெட்டி ஒட்டினா தீர்ந்தது. சுரண்டும்போது கதவு கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், துகள் ஷட்டர்ல விழக்கூடாது.

சில்வர்ஹாலைடு · 7:10
நான் இன்னும் ட்ரிப் பக்கம்தான். பாப்பாவை பகல்ல எடுங்க. பேட்டரி, ரிப்பன், மோட்டார் எதுவும் இல்லாத கேமராதான் இன்னும் பல வருஷம் உங்ககிட்ட இருக்கும்.

படம்பிடி_22 · 9:02
போன்லயே எடுக்கலாமே?

பச்சைவிளக்கு · 9:15
அவர் கேட்டது ஃபிலிம் கேமரா. புதுரோல், போய்ப் பார்த்தீங்களா? ஏ11 இருக்கா?

புதுரோல் · மறுநாள் மாலை 6:12
எல்லாருக்கும் நன்றி. ட்ரிப் வெயில்லயும் கொடி காட்டிச்சு. மியூ 7,000ல இருந்து இறங்கல. எக்ஸ்ஏ2 எடுத்துட்டேன், ஏ11 சேர்த்து 7,500. லென்ஸ் சுத்தம், பீப் வந்துச்சு. ஃபோம் ஒட்டுது, இன்னைக்கு மாத்திட்டு ரோல் போடறேன்.

பச்சைவிளக்கு · 6:30
நல்ல விலை. ரோல் போட்டதும் ரெண்டு விஷயம். ஃபிலிமை நகர்த்துற சக்கரத்தைத் திருப்பும்போது ரீவைண்ட் பிடி எதிர்ப்பக்கம் சுத்துதான்னு பாருங்க. சுத்தலன்னா ஃபிலிம் மாட்டிக்கல, 36 படமும் வெறுமையா வரும். அப்புறம், எக்ஸ்ஏ2 டிஎக்ஸ் கோடு (ரோல் டப்பா மேல இருக்கிற ஐஎஸ்ஓ குறியீடு) படிக்காது. ஐஎஸ்ஓ லீவரை 400க்கு நீங்கதான் தள்ளணும். பழைய ஆள் விட்டுப்போன 100லயே இருந்தா 2 ஸ்டாப் வெளிச்சம் கூடுதலா விழும்.

உப்புக்காற்று · 6:41
தோல் உறை கொடுத்தாரா?

நெகட்டிவ்_வாத்தியார் · 8:05
ஏ11ல போடுற பென்சில் செல்லை, பயன்படுத்தாத நாள்ல கழட்டி வைங்க. கசிஞ்சா ஃபிளாஷ் போயிடும்.