பள்ளி டீமில் ஆடினால் ஹார்வர்டா? அந்த 86 சதவீதக் கதை

எடிசன்அப்பா:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "ஹைஸ்கூலில் நாலு வருடம் ஏதாவது ஒரு டீமில் ஆடினால் போதும், ஹார்வர்டில் 86 சதவீதம் வாய்ப்பு." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் மகன் நாலு வருடமும் பள்ளி டென்னிஸ் டீமில் இருந்தான், கடைசி வருடம் கேப்டன். விண்ணப்பித்த எட்டுப் பெரிய கல்லூரிகளும் இல்லை என்றுவிட்டன. அந்த 86 எங்கே போனது?

ராக்கெட்ரவி:
எழுதியது நான்தான். 86 என் கற்பனை இல்லை சார். அட்மிஷனில் பாரபட்சம் காட்டுகிறது என்று ஹார்வர்டு மேல் போட்ட வழக்கு 2018-ல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது வெளியான விவரங்களிலிருந்து போட்ட கணக்கு. விளையாட்டுக்காரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம். விளையாட்டு, பழைய மாணவரின் பிள்ளை என்பது மாதிரி எந்தச் சலுகையும் இல்லாதவர்களுக்கு 6 கூட இல்லை. உங்கள் பையனுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காகக் கணக்கு மாறிவிடுமா?

எடிசன்அப்பா:
என் பையனை இழுக்காதீர்கள். அந்த 86, ஹார்வர்டு கோச்சே தன் டீமுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு. விண்ணப்பித்தவர்களில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பள்ளியில் ஆடுகிறவர்களில் கல்லூரி டீம் வரை போவதே 7 சதவீதம் சொச்சம் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது.

ராக்கெட்ரவி:
7 இருக்கட்டும். 86 உண்மையா, பொய்யா? அதைச் சொல்லுங்கள். ஹார்வர்டு 42 டீம் வைத்திருக்கிறது, ஆள் வேண்டாமா? மலேசியாவின் சிவசங்கரி ஸ்குவாஷ் ஆடிக்கொண்டே கார்னெலில் படித்தார். நம் ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவில் படித்தார். இரண்டும் ஹார்வர்டு மாதிரிப் பெரிய இடங்கள்தானே?

எடிசன்அப்பா:
அவர்கள் நாட்டுக்காக ஆடியவர்கள்! எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஸ்குவாஷ் கோர்ட்டே கிடையாது. ஸ்குவாஷ், வாள்வீச்சு, துடுப்புப் படகு எல்லாம் காசுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான். 2019-ல் என்ன நடந்தது? ரிக் சிங்கர் என்ற அட்மிஷன் ஆலோசகர் பணம் வாங்கிக்கொண்டு, படகே ஓட்டாத பிள்ளைகளைப் படகுப் போட்டி வீரர்களாகக் காட்டவில்லையா? போட்டோவில் வாட்டர்போலோ ஆடுகிற உடம்பில் வேறு தலையை ஒட்டவில்லையா? விளையாட்டு என்ற இந்தக் கதவுக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

ராக்கெட்ரவி:
கதவு இல்லாவிட்டால் எதற்கு லட்சக்கணக்கில் டாலர் கொடுத்தார்கள்? நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். 86!

மீனா_ஃப்ரீமாண்ட்:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். என் மகள் காலை ஐந்து மணிக்கு நீச்சலுக்குப் போகிறாள். அது அவள் உடம்புக்கு, மனதுக்கு. எல்லாவற்றையும் அட்மிஷன் தராசில் வைத்தே ஒரு தலைமுறையைக் கெடுத்துவிட்டோம்.

ராக்கெட்ரவி:
மேடம், போன மாதம் அரங்கேற்றம் அட்மிஷனுக்கு உதவுமா என்று இங்கே மூன்று முறை கேட்டது நீங்கள்தானே?

மீனா_ஃப்ரீமாண்ட்:
அது என் தங்கை மகளுக்காகக் கேட்டது. பரதநாட்டியத்தை இதில் இழுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

கேம்பிரிட்ஜ்வாசி:
எம்.ஐ.டி.யில் இந்த வேலையெல்லாம் நடக்காது. கோச் ஒரு வார்த்தை சொல்லலாம், இடம் ஒதுக்க முடியாது. நான் அங்கே படித்தவன்.

எடிசன்அப்பா:
நீங்கள் எம்.ஐ.டி. என்பது எல்லாருக்கும் தெரியும் தம்பி, வாரம் ஒருமுறை சொல்கிறீர்கள். பேச்சு ஹார்வர்டைப் பற்றி. ஹார்வர்டு உள்ளிட்ட எட்டுக் கல்லூரிகளின் ஐவி லீகில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது, அதுவும் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பத்து வருடம் சனி ஞாயிறு முழுக்க டோர்னமெண்டுக்கு ஓடி, ஓட்டலில் தங்கி, கோச்சுக்குக் கொட்டிக் கொடுத்தவன் நான். சின்னப் பிள்ளைகளின் பெற்றோர் இந்த 86-ஐ நம்பி அதே குழியில் விழக்கூடாது என்றுதான் கத்துகிறேன்.

ராக்கெட்ரவி:
கொட்டியது உங்கள் இஷ்டம். 86 நீதிமன்றத்தில் வந்த கணக்கு.

எடிசன்அப்பா:
கோச் கேட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு!

ராக்கெட்ரவி:
அவர்களும் பள்ளியில் ஆடியவர்கள்தானே?

எடிசன்அப்பா:
சங்கத்துப் பொங்கல் போட்டியில், கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று சாதித்தவர் நீங்கள். உங்களிடம் கணக்கு பேச வந்தேனே.

ராக்கெட்ரவி:
அந்தப் பந்து உள்ளேதான் விழுந்தது. வீடியோ இருக்கிறது, இன்றிரவு போடுகிறேன்.