கல்லூரிக் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்த பயிற்சியாளர்கள் என்.எஃப்.எல்.-இல் தடுமாறுவது ஏன்?

மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மேற்படிப்புக்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்ற நாள் முதல், சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவர்களுடைய கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க உட்காருவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. நான் சொல்வது, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.

2024 ஜனவரியில் தேசியப் பட்டத்தை வென்ற கையோடு, அந்த அணியின் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். அதற்கு முந்தைய பருவத்தில் 17 ஆட்டங்களில் 5-இல் மட்டும் வென்றிருந்த அந்த அணி, அவர் வந்த முதல் பருவத்திலேயே 11 ஆட்டங்களில் வென்றது. இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கல்லூரி அளவில் 7 தேசியப் பட்டங்கள் வென்ற நிக் சேபன், மயாமி டால்பின்ஸ் அணியில் 2005, 2006 ஆகிய இரண்டு பருவங்களில் 15 வெற்றிகளும் 17 தோல்விகளும் கண்டு கல்லூரிக்கே திரும்பினார். 3 பட்டங்கள் வென்ற அர்பன் மேயர், 2021-இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியில் 13 ஆட்டங்களில் 2 வெற்றிகளோடு, பருவம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற ஸ்டீவ் ஸ்பரியர், என்.எஃப்.எல்.-இன் வாஷிங்டன் அணியில் இரண்டு பருவங்களில் 12 வென்று 20 தோற்றார். ஒரே ஆட்டம்தானே? ஒரு படியில் இவ்வளவு தேர்ந்தவர்கள் அடுத்த படியில் ஏன் சறுக்குகிறார்கள்?

உப்பளம் வாசகர், புதுச்சேரி:

வணக்கம் ஐயா. பதினோரு ஆண்டுகள் அட்லாண்டாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே இருந்தவரை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி எழும் வாதம் இது.

கல்லூரிப் பயிற்சியாளருடைய வெற்றியில் பெரும்பகுதி ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதே என் கருத்து. பள்ளியில் படிக்கும் பதினேழு வயதுப் பையனின் வீடு தேடிப் போய், அவனுடைய பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசி, எங்கள் கல்லூரிக்கே அனுப்புங்கள் என்று கேட்பதுதான் அந்த வேலையின் உயிர்நாடி. பெயர்பெற்ற கல்லூரிகள் நாட்டின் தலைசிறந்த பையன்களை ஆண்டுதோறும் அள்ளிக்கொள்கின்றன. பல சனிக்கிழமைகளில் எதிரணி இறங்கும்போதே பலத்தில் பின்தங்கியிருக்கும்.

என்.எஃப்.எல்.-இல் அந்த வழியையே அடைத்துவிட்டார்கள். 32 அணிகள், கல்லூரி முடித்து வரும் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு, போதாததற்கு, எந்த அணியும் பணபலத்தால் எல்லோரையும் வளைத்துவிடாதபடி 1994 முதல் சம்பள உச்சவரம்பு. ஆள் திரட்டும் திறமையால் உயர்ந்தவரிடமிருந்து அந்தத் திறமையைப் பறித்துக்கொண்டு, சமபலமுள்ள எதிரிகளுக்கு நடுவே நிறுத்துகிறார்கள்.

சேபன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர். தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த டுரூ பிரீஸ், முழங்காலில் காயம்பட்டிருந்த டான்டே கல்பெப்பர் என இருவர் இருந்தனர். பிரீஸின் தோளைப் பற்றி அணியின் மருத்துவர்களுக்கு ஐயம் இருந்ததால் டால்பின்ஸ் கல்பெப்பரை வாங்கியது. அவரால் அந்தப் பருவத்தில் 4 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. நியூ ஆர்லியன்ஸுக்குப் போன பிரீஸ் 2010 பிப்ரவரியில், என்.எஃப்.எல்.-இன் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்றார். கல்லூரியில் இப்படி ஒரு முடிவு பிசகினால் அடுத்த ஆண்டே வேறொரு பையன் வந்துவிடுவான். தொழில்முறையில் அந்த ஒரு பிசகு இரண்டு மூன்று ஆண்டுகளை விழுங்கிவிடும்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியர், கடலூர்:

நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று.

என் பள்ளி கபடி அணியில் பையன்களை மூன்று சுற்று ஓடு என்றால் ஓடுவார்கள். ஓய்வு பெற்ற பின் தேவனாம்பட்டினத்தில் பெரியவர்கள் அணி ஒன்றுக்குப் பயிற்சி தரக் கூப்பிட்டார்கள். முதல் நாள் மாலை அதே மூன்று சுற்றைச் சொன்னேன். வரிசையில் நின்ற ஒருவர், "விடியற்காலையில வலை இழுத்துட்டு வந்த உடம்பு சார், ஓட்டம் எதுக்கு?" என்று கேட்டார். அந்தக் குரலில் மரியாதைக்குறைவு சிறிதும் இல்லை. காரணம் தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, அவர்களுக்கு உண்மையிலேயே குறையாக இருந்த கால்பிடிப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கல்லூரி வீரனுடைய உதவித்தொகையும் களமிறங்கும் வாய்ப்பும் பயிற்சியாளரின் கையில் இருந்தன. என்.எஃப்.எல். வீரருக்குக் குடும்பம் உண்டு, வீரர்கள் சங்கம் உண்டு. பருவத்தின்போது முழுக் கவசமணிந்த பயிற்சி 14 முறைக்கு மேல் கூடாது என்று லீக்குடன் செய்த 2011 ஒப்பந்தத்திலேயே சங்கத்தார் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதட்டலை மட்டும் நம்பி வருபவர் அங்கே நிற்க முடியாது. பீட் கேரல் நின்றார். தொழில்முறையில் இரண்டு அணிகள் நீக்கிய பிறகு தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்று, மீண்டும் 2010-இல் சியாட்டிலுக்குப் போனவர் அவர். 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று வீழ்த்தி சூப்பர் பௌல் வென்றார். பெரியவர்களை நடத்தும் விதத்தைப் பழைய தோல்விகளில் அவர் கற்றிருந்தார் என்றே நினைக்கிறேன். ஹார்பாவும் என்.எஃப்.எல்.-இல் குவார்ட்டர்பேக்காகப் பல ஆண்டுகள் ஆடியவர். அந்த உடைமாற்றும் அறை அவருக்குப் புதிதன்று.

மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்:

இருவருக்கும் நன்றி. ஆள் திரட்டுவதே காரணம் என்றால், ஜிம்மி ஜான்சனை எப்படி விளக்குவது? மயாமி பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்து டல்லாஸில் சாதித்தவர் அல்லவா?

உப்பளம் வாசகர், புதுச்சேரி:

நல்ல கேள்வி. ஜான்சன் தம் பழைய திறமையையே வேறு வழியில் பயன்படுத்திக்கொண்டார். 1989-இல் டல்லாஸுக்கு வந்ததும், அணியின் பெரிய நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, பதிலாக வீரர்களையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் குவித்தார். நேற்றுவரை கல்லூரிகளில் அலைந்து ஆள் தேடியவருக்கு, எந்தக் கல்லூரியில் எந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்பது அத்துப்படி. அந்த வாய்ப்புகளைக் கொண்டு அவர் கட்டிய அணி, முதல் பருவத்தில் 1 வெற்றி, 15 தோல்வி; நான்காம் பருவத்தில் சூப்பர் பௌல். அதற்கு அடுத்த பருவத்திலும் சூப்பர் பௌல். முதல் பருவத்தின் அந்த 15 தோல்விகளுக்குப் பிறகும் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் அவரை வைத்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. இன்று அத்தகைய பொறுமை அரிது. மேலும், அப்போது சம்பள உச்சவரம்பு இன்னும் வரவில்லை.

ஆள் தேர்வு அதிகாரத்தைக் கொடுத்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஓரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபிலடெல்ஃபியா அணிக்குப் போன சிப் கெல்லி, முதல் இரண்டு பருவங்களிலும் 10 ஆட்டங்களில் வென்றார். 2015-இல் அந்த அதிகாரம் கைக்கு வந்ததும் லெஷான் மெக்காய் போன்ற முன்னணி ஓட்டக்காரரைப் பஃபலோவுக்கு அனுப்பினார். 6 வெற்றி, 9 தோல்வி என்றிருந்தபோது, கடைசி ஆட்டத்துக்கு முன்பே நீக்கப்பட்டார்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியர், கடலூர்:

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரைக் கொண்டு பணம் ஈட்டலாம். இப்போது ஓராண்டு முடிந்ததும் வேறு கல்லூரிக்கு மாறவும் எளிதாகிவிட்டது. பத்தொன்பது வயதுப் பையனும் இனி "எதுக்கு சார்?" என்று கேட்பான். அவனுக்குப் பதில் சொல்லிப் பழகிய பயிற்சியாளர்கள் நாளை என்.எஃப்.எல்.-க்குப் போகும்போது எப்படி ஆடுகிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.