கிரீன் டீயைக் குடிப்பதா, மாத்திரையாக விழுங்குவதா?

வெந்நீர்
நாளைக்கு இரண்டு கப் கிரீன் டீ குடிக்கிற ஆள் நான். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர், "கப் கப்பாக எதற்கு? சாரம் அடைத்த மாத்திரை போதும்" என்கிறார். கேட்டகின், இ.ஜி.சி.ஜி. என்று என்னென்னவோ சொன்னார். கொழுப்பு கரையுமாம், புற்றுநோய் வராதாம். வாங்கலாமா?

கொழுந்து
தாராளமாக வாங்குங்கள். பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடுகாட்டுவதால் அதிலுள்ள நொதி செயலிழந்துவிடும். கறுப்புத் தேநீரில் உருமாறிப்போகிற கேட்டகின்கள், அதாவது தேயிலையிலேயே உள்ள இயற்கைச் சேர்மங்கள், இதில் அப்படியே தங்கும். அவற்றில் பெரிய பங்கு இ.ஜி.சி.ஜி.தான். ஜப்பானில் ஒசாகி ஆய்வு என்று ஒன்று, 2006-இல் வெளிவந்தது. 40,530 பேர். தினம் ஐந்து கப்போ அதற்கு மேலோ குடித்த பெண்களிடம் இதயநோய், பக்கவாத மரணங்கள், தினம் ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட 31 சதவீதம் குறைவு. இதற்குமேல் என்ன வேண்டும்?

புளித்தமோர்
அதே ஆய்வில் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்றும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அப்புறம், அவர்கள் குடித்தது டீ. ஒருவர்கூட மாத்திரை விழுங்கவில்லை. தினம் ஐந்து கப் குடிக்கிறவர் வேறு என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நடக்கிறார் என்பதையெல்லாம் கணக்கில் முழுதாகக் கழித்துவிட முடியாது.

கொழுந்து
சரி, மாத்திரைக்கே வருவோம். 1999-இல் சுவிட்சர்லாந்தில் பத்து ஆண்களுக்குச் சாரம் கொடுத்து அளந்தார்கள். உடல் எரிக்கும் சக்தி ஒரு நாளில் 4 சதவீதம் கூடியது. அதே அளவு காஃபீன் மட்டும் கொடுத்தபோது கூடவில்லை. ஆக, வேலை செய்தது கேட்டகின்.

புளித்தமோர்
பத்தே பேர், ஒரு நாள் கணக்கு! எடை குறைந்ததா என்பதல்லவா கேள்வி? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு 2012-இல் பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில் கிடைத்த சராசரி எடைக்குறைப்பு 0.04 கிலோ. 40 கிராம்! காலையில் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வந்தாலே அதைவிட அதிகம் குறையும்.

புற்றுநோய்க் கதை இன்னும் மோசம். ஆய்வுக்கூடத்தில் செல்கள்மேல் ஊற்றுகிற இ.ஜி.சி.ஜி.யின் செறிவு, டீ குடித்தவர் ரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து மடங்கு, சமயத்தில் நூறு மடங்கு. குடிப்பதில் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வருவதே இல்லை.

கொழுந்து
அதனால்தானே ஐயா செறிவான மாத்திரை!

புளித்தமோர்
அங்கேதான் சிக்கல். செறிவாகப் போகும்போது முதலில் அடிவாங்குவது கல்லீரல். எடை குறைக்க என்று விற்ற ஒரு கிரீன் டீ சார மாத்திரையை 2003-இலேயே பிரான்சிலும் ஸ்பெயினிலும் சந்தையிலிருந்து எடுத்தார்கள். காரணம், கல்லீரல் பாதிப்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது: மாத்திரை வழியாக நாளைக்கு 800 மி.கி. இ.ஜி.சி.ஜி.யும் அதற்கு மேலும் போனால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன. கல்லீரல் அடிபடுவதன் அறிகுறி அது.

கொழுந்து
அந்த அறிக்கையே, சாதாரணமாகக் குடிக்கிற டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்கிறது. நிறையக் குடிக்கிறவர்கள் டீயிலேயே 800 மி.கி.யைத் தாண்டுகிறார்கள். அப்போ இ.ஜி.சி.ஜி.யை விஷம் என்பதா?

மருந்துச்சீட்டு
இருவருக்கும் இடையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஒரே 800 மி.கி.யை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதும், காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் விழுங்குவதும் ஒன்றல்ல. வெறும் வயிற்றில் ரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கு கூடும். வெறும் வயிற்றில் எடுக்காதீர்கள் என்று ஐரோப்பாவில் டப்பாவிலேயே அச்சிடச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கூடாது என்றும் போட வேண்டும்.

வெந்நீர், டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். "சாரம் 500 மி.கி." என்பது இ.ஜி.சி.ஜி.யின் அளவு இல்லை. "இ.ஜி.சி.ஜி. 50 சதவீதம்" என்றிருந்தால் ஒரு மாத்திரைக்கு 250. நாளைக்கு மூன்று என்றால் 750. அதோடு உங்கள் இரண்டு கப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர்
பார்த்தேன். சதவீதமே இல்லை. "சிறப்புக் கலவை" என்று மட்டும் போட்டிருக்கிறது.

புளித்தமோர்
முடிந்தது கதை.

கொழுந்து
அது அந்த டப்பாவின் குறை. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு வருடம் சார மாத்திரைச் சோதனை நடத்தினார்கள். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 4 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இதையும் இல்லை என்பீர்களா?

புளித்தமோர்
இறங்கியது, மறுக்கவில்லை. அங்கே கொடுத்ததும் நாளைக்கு 843 மி.கி. இ.ஜி.சி.ஜி. சாரம் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் கல்லீரல் நொதி ஏறியது. ஒப்பிடுவதற்காகச் சாரமே இல்லாத மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 4 சதவீதக் கொழுப்புக்கு இது கட்டுப்படியாகிற பேரமா?

கொழுந்து
ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே எடுக்கிறவருக்குக் கட்டுப்படியாகும். நிறுத்தினால் நொதியும் இறங்கிவிடுகிறது.

மருந்துச்சீட்டு
அதை அவரவர் மருத்துவர் சொல்லட்டும். டீ மட்டும் குடிப்பவர்களுக்கும் இரண்டு விஷயம். கேட்டகின்கள் காய்கறி, பருப்பிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நாடோலால் எடுப்பவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிரீன் டீயோடு சேரும்போது அந்த மருந்து ரத்தத்தில் ஏறுவது பெருமளவு குறைந்ததை 2014-இல் ஒரு சோதனை காட்டியது.

வெந்நீர்
எனக்கு இரும்புச்சத்து குறைவுதான். சாப்பிட்டதும் குடிக்கிற கப்பை நாலு மணிக்குத் தள்ளிவிடுகிறேன். மாத்திரை வேண்டாம்.

கொழுந்து
உங்கள் இஷ்டம். நான் எடுக்கிறேன், சாப்பிட்ட பிறகுதான்.