வாரன்டியில் உள்ள லேப்டாப், ஹார்ட் டிஸ்கில் மஞ்சள் காஷன்: ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா?

தாமிரபரணி:
வணக்கம் நண்பர்களே. லேப்டாப் வாங்கி 10 மாதம் ஆகிறது, வாரன்டி 1 வருடம். உள்ளே 1 டிபி, 5400 ஆர்பிஎம் சாட்டா ஹார்ட் டிஸ்க். இரண்டு வாரமாக விண்டோஸ் திறக்கவே 7 நிமிடம் பிடிக்கிறது. நடுநடுவே அப்படியே உறைந்துவிடுகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்கிறது. டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் காஷன், அதாவது எச்சரிக்கை. அதன் பட்டியலில் 05-க்கு நேரே 0, சி5-லும் சி6-லும் 28, சி7-ல் 0. கடகட சத்தம் இல்லை. சர்வீஸ் சென்டரில் “ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுப் பாருங்க, அப்புறமும் பிரச்சினைன்னா கொண்டு வாங்க” என்கிறார்கள். டேலி கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான்.

செக்டர்63:
ஃபார்மட் வேண்டவே வேண்டாம். டேட்டா மட்டுமல்ல, வாரன்டிக்கான ஆதாரமும் அதோடு போய்விடும்.

சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பில் இருக்கும் செக்டர்களின் (டிஸ்கில் டேட்டா எழுதும் சிறு துண்டுகள்) எண்ணிக்கை, சி6 திருத்த முடியாதவற்றின் எண்ணிக்கை. அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் டிஸ்க் முடிவெடுக்கும்: எழுதியது சரியாகப் பதிந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடும், பதியாவிட்டால் உபரி செக்டருக்கு மாற்றி, மாற்றியவற்றின் கணக்கான 05-ல் ஏற்றும். முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் எழுதுகிறது. சி5 பூஜ்யமாகிவிட்டால் அவர்கள் டெஸ்ட் ‘பாஸ்’ காட்டும், லேப்டாப் அப்படியே திரும்பி வரும். வாரன்டி முடிந்தபின் மறுபடி படுத்துக்கொள்ளும்.

நீங்கள் பார்த்த 28 பதினாறடிமான (ஹெக்ஸ்) எண், அதாவது 2×16+8. உண்மையில் 40 செக்டர். இப்போதைய டிஸ்குகளில் 512 பைட் செக்டர் 8 சேர்ந்தது ஒரு 4 கேபி செக்டர், ஆகவே கெட்டது அநேகமாக 5 இடம். சி7 கேபிள் வழிப் பிழைகளின் எண்ணிக்கை, அது பூஜ்யம் என்பதால் கேபிள் மேல் சந்தேகம் வேண்டாம். உறைவதற்கும் இதுதான் காரணம்: கெட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் வரை விண்டோஸ் காத்து நிற்கிறது.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) உள்ள டயக்னாஸ்டிக்ஸ் சோதனையை ஓட்டி எரர் கோடு எடுங்கள். டெல் என்றால் எஃப்12 மெனுவில், ஹெச்பி என்றால் எஸ்கேப் அழுத்தி எஃப்2. ஹெச்பியில் தோல்விக்கு 24 இலக்க ஐடி வரும், டெல்லில் 2000-0142 போன்ற கோடு. திரையைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

குறிஞ்சி:
சொன்னது சரி, வரிசைதான் மாற வேண்டும். அந்த டயக்னாஸ்டிக்ஸின் நீண்ட டெஸ்ட் 1 டிபி முழுவதையும் படிக்கும், பல மணி நேரம். தடுமாறும் டிஸ்குக்கு அந்தச் சுமையைக் கொடுக்குமுன் டேட்டாவை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கட்டளையான செக்டிஸ்கை ஆர் ஸ்விட்சோடு (/r) ஓட்டுவதும் இப்போது கூடாது, அதுவும் முழு டிஸ்கையும் துழாவும்.

முதலில் யூஎஸ்பி டிஸ்குக்கு டேலி டேட்டா (அது உங்கள் யூசர் ஃபோல்டருக்கு வெளியே இருக்கலாம், டேலியிலேயே பாதையைப் பாருங்கள்), பிறகு படங்கள். சும்மா இழுத்துப் போட்டால் ஒரு கெட்ட ஃபைலில் எல்லாம் நின்றுவிடும். விண்டோஸிலேயே உள்ள நகலெடுக்கும் கட்டளை ரோபோகாப்பியைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஆர்:1 (ஒரே மறுமுயற்சி), டபிள்யூ:1 (1 விநாடி காத்திருப்பு) ஸ்விட்சுகள் கட்டாயம். இல்லையென்றால் படிக்க முடியாத ஒரே ஃபைலை 30 விநாடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயலும். அதன் இயல்பான அமைப்பே அதுதான்.

விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, கெட்ட டிஸ்கிலிருந்து டேட்டாவை மீட்டு நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ. முதல் சுற்றில் -n ஆப்ஷன் கொடுத்தால் நல்ல பகுதியை எடுத்துக்கொண்டு சிக்கலான இடத்தைத் தள்ளிவைக்கும். அடுத்த சுற்றில் -r3, அதாவது கெட்ட இடத்தை 3 தடவை மறுபடி முயலும். இமேஜுக்கு (டிஸ்கின் முழு நகல்) 2 டிபி டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலைத் தொலைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

நடுவில் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே பவரை நிறுத்துங்கள். ஹெட் தட்டை உரசத் தொடங்கினால் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

தாமிரபரணி:
மிக்க நன்றி. டேலி, படங்கள் வந்துவிட்டன, 3 வீடியோ மட்டும் படிக்கவில்லை. டெஸ்ட் ‘ஃபெயில்’, படம் எடுத்துவிட்டேன். பழைய டிஸ்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்களாமே, உள்ளே இருப்பதை என்ன செய்வது?

பொன்னி:
முதலில் புகாரை ஈமெயிலில் பதியுங்கள்: சீரியல் நம்பர், பில், எரர் கோடு படம், சி5 ஸ்கிரீன்ஷாட். ஆன்லைனில் காட்டும் வாரன்டி தேதி பில் தேதிக்கு முந்தியதாக இருக்கலாம், கம்பெனியிலிருந்து கிளம்பிய நாளை வைத்திருப்பார்கள். பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். டிஸ்க் தயாரிப்பாளரிடம் நேரே போகவேண்டாம். லேப்டாப்போடு வந்த டிஸ்குக்கு வாரன்டி பொதுவாக லேப்டாப் கம்பெனியுடையது.

புகார் எண் கையில் வந்தபின்தான் அழிப்பு. ஆனால் அழித்தால் சி5 இறங்கலாம், ஆகவே “டேட்டாவை அழித்துத் தரப்போகிறேன்” என்று அதே ஈமெயிலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பிறகு லினக்ஸில் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதலாம். விண்டோஸின் விரைவு ஃபார்மட் எதையும் அழிக்காது. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஏற்கெனவே ஆன் என்றால் கவலை குறைவு, அந்த 48 இலக்க ரெக்கவரி கீ உங்களிடம் மட்டும் இருக்கட்டும். டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றிலும் பழுதான டிஸ்கை நாமே வைத்துக்கொள்ளத் தனிக் கட்டணத் திட்டம் உண்டு, உங்கள் வாரன்டியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

லேப்டாப்பைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் பழைய டிஸ்கின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். புதிது வந்ததும் கடையிலேயே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு பவர் ஆன் அவர்ஸ் பாருங்கள். மணிக்கணக்கு ஆயிரக்கணக்கில் இருந்தால் பழுதுபார்த்த டிஸ்க். வாரன்டி விதி அதற்கு இடம் தரலாம், ஆனாலும் 05, சி5, சி6 மூன்றும் 0 இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் பதில் தராமல் இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.