காலி செய்த வீட்டைப் பார்வையிடும்போது வாடகைதாரரும் உடன் இருக்க வேண்டுமா?

மாடிவீடு:
நான்கு ஆண்டுகள் குடியிருந்தவர்கள் சென்ற வாரம் காலி செய்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். கூடத்துச் சுவரில் 11 ஆணித் துளைகள். படுக்கையறையில் அலமாரி நின்ற இடத்தில் கரும்பூஞ்சை. சிங்குக்கு அடியில் இருக்கும் பலகை ஊறி உப்பிக் கிடக்கிறது. பெயின்ட் செலவையும் பலகைச் செலவையும் முன்பணத்தில் கழித்துக்கொள்வேன் என்றேன். நாங்கள் இல்லாமல் பார்த்தது செல்லாது என்கிறார்கள். என் வீட்டை நான் பார்க்கத் துணைக்கு ஆள் எதற்கு? சாமான்கள் இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆட்கள் இருக்கும்போது பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

மூன்றாம்குடி:
தவிர்க்க நினைத்த சண்டை இப்போது நடந்துகொண்டுதானே இருக்கிறது? சாவி கைமாறிய பிறகு அங்கே என்ன நடந்தாலும் போனவர் எப்படிப் பொறுப்பாவார்? அது கிடக்கட்டும். அவர்கள் குடிவந்த அன்று வீடு எப்படி இருந்தது என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டீர்களா?

மாடிவீடு:
எழுதவில்லை. ஆனால் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து அவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம்குடி:
வாசற்படியில் நின்று எடுத்த படமா? அதில் அறை தெரியும், ஆணித் துளை தெரியாது. கிட்டத்தில் ஒரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து இன்னொன்று என்று எடுத்திருக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளில் அனுப்பும்போது, எப்போது எடுத்தது என்ற விவரம் பெரும்பாலும் கோப்பிலிருந்து நீங்கிவிடும். மூலப் படம் உங்களிடம் இருந்தால் பிழைத்தீர்கள். முன்பு நான் இருந்த வீட்டில், வரும்போதே விரிசல் விட்டிருந்த கழுவுதொட்டிக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். முதல் நாள் எடுத்த படம் ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது.

தூரிகை:
சுவர் வேலை செய்பவன் என்ற முறையில் இடையில் வருகிறேன். நான்கு ஆண்டு பழைய பெயின்டுக்குப் புதுப் பெயின்டின் முழுச் செலவைக் கேட்பது நியாயமே இல்லை. அந்தப் பூச்சு ஐந்து ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. கேட்பதானால் அதைத்தான் கேட்கலாம். படம் மாட்டிய இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாகத் தெரிவதும், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் மெல்லிய விரிசலும் குடியிருந்தவர் கணக்கில் வராது. துளைகளைப் பட்டி வைத்து அடைப்பது அரை நாள் வேலை.

பூஞ்சைதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஓரத்தில் பழுப்புக் கோடு வளையமாகப் படிந்திருந்தால், பெரும்பாலும் சுவருக்குள் எங்கிருந்தோ நீர் வருகிறது. வெறும் கரும்புள்ளிகள், அதுவும் வெளிச்சுவர் மூலையில் என்றால், அறையின் ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிகிறது. இதற்கு ஜன்னலை மூடிவைத்து உள்ளே துணி உலர்த்தியவரும் காரணமாகலாம், காற்றோட்டமே இல்லாமல் அறையைக் கட்டியவரும் காரணமாகலாம். எதுவானாலும் பூஞ்சையைக் கழுவி உலரவிடாமல் மேலே பெயின்ட் அடிக்காதீர்கள்; மீண்டும் வரும்.

மாடிவீடு:
ஆக, எல்லாமே உரிமையாளர் தலையில்தானா? வருகிற வாடகையெல்லாம் பழுது பார்க்கவே போகட்டும் என்கிறீர்கள்!

சாவிக்கொத்து:
பிறர் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பலகை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். குழாய் கசிவது வாடகைதாரர் குற்றமல்ல. கசிவதைச் சொல்லாமல் மாதக்கணக்கில் வாளி வைத்துச் சமாளித்திருந்தால் அது குற்றம். பலகை ஒரே நாளில் இப்படி உப்பாது.

ஆனால் தனியாகப் பார்த்தது தவறுதான். நான் எப்போதும் இரண்டு முறை பார்ப்பேன். காலி செய்வதற்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை. தளர்ந்த கீல், உடைந்த தாழ்ப்பாள் போன்றவற்றை அவர்களே சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். சாமான்கள் போன பிறகு, பகல் வெளிச்சத்தில், இருவரும் சேர்ந்து இன்னொரு முறை. மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை எல்லாம் அப்போதே தாளில் ஏறிவிடும்.

மூன்றாம்குடி:
படுக்கையறை ஜன்னல் சரியாகத் திறக்கிறதா? அதை யாருமே கேட்கவில்லையே.

மாடிவீடு:
...இறுகிக் கிடக்கிறது. போன ஆண்டே சொன்னார்கள். ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்.

மூன்றாம்குடி:
சரிதான்.

மாடிவீடு:
பூஞ்சையை விட்டுவிடுகிறேன். ஆணித் துளையையும் விடுகிறேன். பலகையை விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களை வரச் சொல்லியிருக்கிறேன். குழாயைத் திறந்து பார்த்தேன், இப்போது ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அவர்கள் அதையே பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

சாவிக்கொத்து:
மெல்லத் திறந்துவிட்டால் தெரியாது. சிங்கை அடைத்து விளிம்பு வரை நிரப்புங்கள். கீழே வளைகுழாய்க்கு அடியில் உலர்ந்த தாளை விரித்துவிட்டு, அடைப்பை ஒரேயடியாக எடுங்கள். இணைப்பில் வாஷர் போயிருந்தால் அந்த வேகத்தில் தாள் நனையும். அவர்கள் வந்த பிறகு செய்யுங்கள். தாளை அவர்களே விரிக்கட்டும்.