ஓடாமலே தேய்ந்த பேரிங்: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

பழைய பேரிங்காரன்:
ஓய்வு பெறும்வரை உராய்வு, தேய்மானம், மசகு இவைதான் என் பிழைப்பு. அறுத்துப் பார்த்த பேரிங்குகளில் மனத்தை விட்டுப் போகாதது, ஒரு நாள்கூட ஓடாத ஒன்று. ஓர் ஆலையில் இரண்டு பம்புகள். ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பை. ஓடியது பழுதானதும் ஸ்டாண்ட்பையைப் போட்டார்கள். போட்ட மாத்திரத்தில் மோட்டார் அலறியது. பேரிங்கின் வெளிவளையத்தை அறுத்தோம். குண்டுகள் உட்கார்ந்திருந்த அதே இடைவெளியில் வரிசையாகப் பள்ளங்கள், விளிம்புகளில் செந்நிறத் தூள். பக்கத்துப் பம்பின் அதிர்வு அடித்தளம் வழியாக வந்து, நின்ற குண்டுகளை நுண்ணளவில் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஷாஃப்ட் சுற்றாததால் விலகிய கிரீஸ் திரும்பவில்லை; இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்த துகள்தான் அந்தத் தூள். தூளை விரலில் எடுத்து மேலாளரிடம் நீட்டினேன். "துரு. மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையை உதறினார். இன்றும் எரிச்சல் தீரவில்லை.

கோவை மில்காரர்:
மேலாளர் மீது ஏன் பாய்கிறீர்கள்? அந்தத் தூளும் இரும்பு ஆக்சைடுதான், துருவும் அதுதான். நிற்கும் பேரிங்கில் ஈரம் இறங்கினாலும் குண்டு இடைவெளியில்தான் கறை விழும்.
என் அனுபவம் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில். நூலை இழுத்துக்கொண்டு ரிங் என்ற வளையத்தின் மேல் சுற்றும் சின்னக் கொக்கிதான் டிராவலர்; வினாடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடும். நூல் கறைபடும் என்பதால் எண்ணெய் கிடையாது. நசுங்கிய பஞ்சிழையும் அதன் மெழுகும்தான் அங்கே மசகு. புது ரிங் போட்டால் முதலில் வேகம் குறைத்துப் பழக்க வேண்டும். ஏற்றுமதி அவசரத்தில் முழு வேகத்தில் விட்டார்கள். டிராவலர்கள் நீலம் பாரித்துத் தெறித்தன. ஒன்று என் சட்டைக் கையைப் பொசுக்கிக்கொண்டு போனது.

கிரீஸ் கன்:
நான் கண்டது, மூச்சுமுட்ட கிரீஸ் அடைத்த ஃபேன் மோட்டார்; தொட முடியாத சூடு, அவ்வளவே. ஆனால் எல்லோரும் கேளுங்கள். பேரிங்கின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் போதும். லித்தியம் கிரீஸின் மேல் பாலியூரியா கிரீஸை அடிக்காதீர்கள். பல நேரம் இரண்டும் சேர்ந்து இளகி வழிந்துவிடும். ஸ்டாண்ட்பை ஷாஃப்டை வாரந்தோறும் கையால் சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நிற்காதபடி விடுங்கள். முடிந்தால் இரண்டு பம்புகளையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மோட்டாரை லாரியில் ஏற்றும்போது உள்ளே சுழலும் ரோட்டரை அசையாமல் பூட்டுங்கள். 1966இல் பிரிட்டனில் அரசு அமைத்த ஜோஸ்ட் குழு, உராய்வையும் மசகையும் ஒழுங்காகக் கவனித்தாலே ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்கிட்டது. நம் ஆலைகளில் கிரீஸ் கன்னை இன்னும் புதிதாகச் சேர்ந்த பையனிடம்தான் கொடுக்கிறார்கள்.

பழைய பேரிங்காரன்:
கிரீஸ் கன் ஐயா, "வாரம் ஒருமுறை சுற்றவும்" என்ற பலகை அந்தப் பம்பின் மேலேயே தொங்கியது. மில்காரரே, ஈரத்தால் அரித்த இடம் கறுத்துச் சொரசொரக்கும். எங்கள் பள்ளங்களின் அடி பளபளத்தது. கிரீஸில் கொஞ்சம் எடுத்துச் சூடான தகட்டில் வைத்தேன். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும், வெடிக்கவில்லை. மேலாளரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். சாப்பிடப் போய்விட்டாராம்.